விருது கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை

ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற பெருமைக்குரியவர் நடிகை ஹேட்டி மெக்டேனியல். 'கான் வித் தி விண்ட்' திரைப்படத்தில் மேமி என்னும் பணிப்பெண்ணாக நடித்ததற்காக, 1940 பிப்ரவரி 29 அன்று சிறந்த துணை நடிகைக்கான விருது அவருக்கு வழங்கப்பட்டது. விழா நடைபெற்ற லாஸ் ஏஞ்சலீஸ் அம்பாசடர் ஹோட்டல், கறுப்பினத்தவரை விருந்தினராக அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியே கேட்டுக்கொண்ட பிறகே அவர் உள்ளே நுழைய முடிந்தது. அப்போதும், படக்குழுவினரோடு அல்லாமல் சுவரோரம் போடப்பட்ட சிறு மேஜையில்தான் அவர் அமர்த்தப்பட்டார். அதற்கு முன்பு, 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடைபெற்ற முதல் காட்சி விழாவில் கலந்துகொள்ளவே ஜார்ஜியா மாநிலத்தின் இனப்பிரிவினை அவருக்கு இடம் தரவில்லை.

ஹேட்டியின் தந்தை அடிமையாக வாழ்ந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் போரிட்டவர். கன்சாஸ் மாநிலத்தில் பிறந்து டென்வரில் வளர்ந்த ஹேட்டி, இளமையிலேயே பாடகியாகவும் மேடைக் கலைஞராகவும் அறியப்பட்டார். 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அந்த வாழ்வைக் குலைத்தது. மில்வாக்கி நகர விடுதி ஒன்றில் கழிப்பறைப் பணியாளராக இருந்து, பின்னர் அங்கேயே பாடகியானார். 1931-இல் லாஸ் ஏஞ்சலீஸுக்கு வந்தபோதும், பட வாய்ப்பு இல்லாத நாள்களில் வீட்டு வேலை செய்தே பிழைத்தார். திரையில் அவருக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் அதே வேலைக்காரி வேடம்தான்.

அந்த வேடங்களே அவர் மீதான குற்றச்சாட்டாகவும் மாறின. அடிமை முறையை இனிமையானதாகக் காட்டும் படங்களுக்கு அவர் துணைபோவதாக, கறுப்பின உரிமை அமைப்பின் தலைவர் வால்டர் ஒயிட் உள்ளிட்டோர் கண்டித்தனர். அந்தப் படங்களைப் பற்றிய கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால், கறுப்பினப் பெண்ணுக்கு வேறு வேடம் எழுத மறுத்தவர்கள் படநிறுவனத்தார். பழி சுமந்தவரோ நடிகை.

திரைக்கு வெளியே அவர் அடங்கிப் போகவில்லை. லாஸ் ஏஞ்சலீஸின் சுகர் ஹில் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது, கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்ற பத்திர நிபந்தனையைக் காட்டி வெள்ளையர் சிலர் வழக்குத் தொடுத்தனர். ஹேட்டி அண்டை வீட்டாரைத் திரட்டி எதிர்த்து நின்றார். வழக்கறிஞர் லோரன் மில்லர் அவர்களுக்காக வாதாடினார். அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தைச் சுட்டிக்காட்டி, 1945-இல் நீதிபதி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக்கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல்தான்.

1952 அக்டோபர் 26 அன்று மார்பகப் புற்றுநோயால் அவர் காலமானார். ஹாலிவுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வெள்ளையருக்கு மட்டுமே உரிய அந்த மயானம் மறுத்துவிட்டதால், வேறொரு மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஹாலிவுட் மயானத்தில் அவருக்கு நினைவுக்கல் எழுப்பப்பட்டது 1999-இல். ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆஸ்கர் விருது காணாமல் போய், 2023-இல்தான் மாற்று விருது வழங்கப்பட்டது.

அவருக்குப் பிறகு மற்றொரு கறுப்பினப் பெண்ணுக்கு நடிப்புக்கான ஆஸ்கர் கிடைக்க 51 ஆண்டுகள் ஆயின. ஒருவருடைய திறமையைப் பாராட்டுவது சமூகத்துக்கு எளிது. அவரைத் தன்னருகே அமரவைப்பதே கடினம். முன்னதை மட்டும் செய்துவிட்டு நீதி வழங்கிவிட்டதாக எந்தச் சமூகமும் நிறைவடைய முடியாது.