மாதாவுக்குக் கோவில் எடுத்த சர்தானா அரசி



ஆகஸ்டு மாதம் கொடைக்கானல் சலேத் மாதா திருவிழாவுக்கு மலையேறிச் செல்லும் உங்களுக்கு யாத்திரை புதிதல்ல. வடதேசத்திலே, மீரட் நகருக்கு அருகில், சர்தானா என்னும் ஊரிலும் மாதாவின் யாத்திரைத் தலம் ஒன்று உண்டு. அதைக் கட்டியவர் பேகம் சம்ரு. அவருடைய சரித்திரத்தைக் கேளுங்கள்.

ஃபர்சானா என்பது அவருடைய இளமைப் பெயர். தில்லியில் நாட்டியப் பெண்ணாயிருந்தவர், வால்ட்டர் ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியப் படைத்தலைவருக்கு வாழ்க்கைத் துணையானார். 1778ல் ரைன்ஹார்ட் இறந்தபின், படையையும் சர்தானாவையும் அவரே ஆண்டார். 1781ல் ஆக்ராவில் ஞானஸ்நானம் பெற்று யோவன்னா ஆனார்.

ஞானஸ்நானம் பெற்ற அன்றே ஒருவர் அர்ச்சியசிஷ்டர் ஆகிவிடுவதில்லை. யுத்தமும் அதிகார ஆசையும் அவரை விடவில்லை. 1793ல் லெவசோ என்ற பிரெஞ்சு அதிகாரியை இரகசியமாய் மணந்தார். 1795ல் படைவீரர் கலகம் செய்தனர். தப்பியோடிய இருவரும் வழியில் பிடிபடவே, கணவர் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். பேகம் சிறைப்பட்டு அவமானமடைந்தார். முன்பு அவரோடு மனம் கசந்து பிரிந்துபோன ஜார்ஜ் தாமஸ் என்ற அயர்லாந்து வீரரே அவரை மீட்க வந்தார்!

பிற்காலத்தில் அவர் மனம் கோவிலின்மேல் சென்றது. இத்தாலியரான அந்தோனியோ ரெகெல்லினி திட்டம் வரைந்தார். பழைய கிரேக்க, உரோமைக் கட்டடங்களின் பாணியில், முகப்பிலே 18 பருத்த தூண்கள். மேலே கோபுரங்களும் குவிமாடமும். உள்ளே, தாஜ்மகாலைப்போல் வெண்பளிங்கில் வர்ணக்கற்கள் பதித்த பீடம். செலவு சுமார் 4 இலட்சம் ரூபாய். கோவில் வேலைக்கு மண் தோண்டிய பள்ளங்கள் இரண்டு ஏரிகளாயின. 1822ல் கோவில் மந்திரிக்கப்பட்டது.

1836 ஜனவரி 27ல் பேகம் மரித்தார். உடனே கம்பெனியார் சர்தானாவை எடுத்துக்கொண்டனர். படை கலைந்தது. சுவீகார மகன் வழக்காடியும் பயனில்லை. அவருடைய பழைய மாளிகை பின்னர் குருமடமாயிற்று. கோவிலோ நிலைத்தது, 1961ல் பாப்பரசர் 23ம் அருளப்பர் அதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். இன்றும் நவம்பர் மாதத்தில் திரளான மக்கள், கிறிஸ்தவரும் பிற மதத்தாரும், அங்கே அன்னையை நாடிச் செல்கின்றனர்.

பார்த்தீர்களா! தமக்கென்று வைத்துக்கொண்ட ஆட்சி அந்நியர் கைக்குப் போயிற்று. தேவமாதாவுக்குக் கொடுத்ததே அவருடையதாய் நின்றது. நம்மிடம் இலட்சங்கள் இல்லை. காபித் தோட்டத்துக் கூலியில் மிச்சம் பிடித்த சில காசுகளே உண்டு. ஆயினும் எதை வைத்துக்கொள்கிறோம், எதைக் கொடுக்கிறோம் என்று இந்த வாரம் நாமும் சற்று யோசிப்போமாக.