மரியா கோப்பெர்ட் மேயர்

மரியா கோப்பெர்ட் மேயர் (ஜூன் 28, 1906 – பிப்ரவரி 20, 1972) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கோட்பாட்டு இயற்பியலாளர் ஆவார். அணுக்கருவினுள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கூடுகளாக அமைந்துள்ளதை விளக்கும் அணுக்கருக் கூடு மாதிரியை உருவாக்கியமைக்காக 1963 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். மேரி கியூரிக்கு (1903) அடுத்து இப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் இவரே. எனினும் ஊதியத்துடன் கூடிய முழுநேரப் பேராசிரியர் பதவியை இவர் 1960 ஆம் ஆண்டில்தான் ஏற்றார். புகழ்பெற்ற கண்டுபிடிப்பு அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

இளமையும் கல்வியும்

மரியா அன்றைய ஜெர்மனியின் கட்டோவிட்ஸ் நகரில் (இன்றைய போலந்தின் கட்டோவிட்சே) பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை பிரீட்ரிக் கோப்பெர்ட் குழந்தை மருத்துவர். தந்தைவழியில் ஆறாவது தலைமுறைப் பேராசிரியர். அவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியேற்றதால் 1910 இல் குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பெண்களை ஆயத்தப்படுத்தும் தனியார் பள்ளி ஒன்றில் 1921 இல் சேர்ந்தார். பணவீக்கத்தால் அப்பள்ளி மூடப்பட்டபோதிலும், ஓராண்டு முன்னதாகவே தேர்வெழுதி வெற்றி பெற்றார். 1924 இல் கணிதம் பயிலத் தொடங்கிய அவரை, குவாண்டம் இயற்பியலை வளர்த்தெடுத்துக் கொண்டிருந்த மாக்ஸ் போர்ன் இயற்பியலின் பக்கம் ஈர்த்தார்.

1930 இல் முனைவர் பட்டம் பெற்றார். ஓர் அணு ஒரே வேளையில் இரண்டு ஒளியன்களை உட்கொள்ள இயலும் என்பதே ஆய்வேட்டின் கருத்து. அதைச் சோதிக்கும் அளவுக்கு வலிய ஒளிமூலம் அன்று இல்லை. லேசர் வந்த பிறகு, 1961 இல் அது சோதனை மூலம் உறுதிப்பட்டது. இந்நிகழ்வை அளக்கும் அலகு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஊதியமற்ற ஆண்டுகள்

கோப்பெர்ட் இல்லத்தில் தங்கியிருந்த அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் மேயரை மரியா 1930 ஜனவரியில் மணந்தார். கணவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணி பெற்றதால் இருவரும் பால்டிமோர் நகருக்குச் சென்றனர். கணவன், மனைவி இருவரையும் பணியமர்த்துவதற்கு எதிரான விதி அங்கு இருந்தது. ஆகவே மரியாவுக்கு ஜெர்மன் மொழிக் கடிதங்களைக் கவனிக்கும் உதவியாளர் வேலையும் சொற்ப ஊதியமுமே கிட்டின. ஆயினும் ஆய்வை அவர் நிறுத்தவில்லை. இரட்டை பீட்டாச் சிதைவு பற்றிய முன்னோடிக் கட்டுரையை 1935 இல் வெளியிட்டார்.

பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு அலுவலக அறை ஒன்று கிடைத்தது, ஊதியம் கிடைக்கவில்லை. கணவருடன் இணைந்து எழுதிய புள்ளியியல் இயந்திரவியல் நூல் 1940 இல் வெளிவந்தது. 1941 டிசம்பரில் சாரா லாரன்ஸ் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியரானார். அடுத்த ஆண்டு, மன்ஹாட்டன் திட்டத்தின் கீழ் ஹரோல்ட் யூரே தலைமையில் யுரேனியம்-235 ஐப் பிரித்தெடுக்கும் ஆய்வில் சேர்ந்தார்.

1946 இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அவரை ஊதியமின்றித் தன்னார்வ இணைப் பேராசிரியராக ஏற்றது. அவ்வாண்டு தொடங்கப்பட்ட ஆர்கான் தேசிய ஆய்வகம் பகுதிநேர இயற்பியலாளர் பணியை வழங்கியது.

மாய எண்கள்

எட்வர்ட் டெல்லருடன் தனிமங்களின் தோற்றம் பற்றி ஆராய்ந்தபோது, சில அணுக்கருக்கள் இயற்கையில் மிகுதியாகக் காணப்படுவதை மேயர் கவனித்தார். அவற்றின் புரோட்டான் எண்ணிக்கையோ நியூட்ரான் எண்ணிக்கையோ 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய எண்களுள் ஒன்றாக இருந்தது. இவை மாய எண்கள் எனப்படுகின்றன. 50 புரோட்டான்கள் கொண்ட வெள்ளீயத்துக்கு 10 நிலைத்த ஐசோடோப்புகள் உண்டு. வேறெந்தத் தனிமத்துக்கும் இத்தனை இல்லை.

அணுக்கருவை ஒரு நீர்மத் துளியாகக் கருதுவதே அக்கால வழக்கம். கூடு பற்றிய கருத்து 1930களில் முன்வைக்கப்பட்டுக் கைவிடப்பட்டிருந்தது. எளிய கணக்கீடு 2, 8, 20 ஆகியவற்றைச் சரியாகத் தந்தாலும், அடுத்து 40, 70, 112 என்றே சென்றது தான் காரணம். சான்றுகளைத் திரட்டி 1948 இல் கட்டுரையாக வெளியிட்டபோது மேயரிடமும் இதற்கு விளக்கம் இல்லை.

என்ரிக்கோ பெர்மியுடன் இதுபற்றி உரையாடிக் கொண்டிருந்தபோது, தற்சுழற்சிக்கும் சுற்றியக்கத்துக்கும் இடையே பிணைப்பு இருப்பதற்கான அறிகுறி உண்டா என்று அவர் வினவினார். மேயருக்கு விடை உடனே புலப்பட்டது. ஒரு துகள் தான் சுற்றும் திசையிலேயே தற்சுழன்றால் அதன் ஆற்றல் குறைகிறது. எதிர்த்திசையில் சுழன்றால் கூடுகிறது. இதனால் ஒவ்வொரு மேல் கூட்டிலிருந்தும் ஒரு மட்டம் கீழிறங்கிக் கீழ்க் கூட்டுடன் சேர்ந்துவிடுகிறது. அவ்வாறு சேரும் துகள்களைக் கூட்டினால் 20+8=28, 40+10=50, 70+12=82, 112+14=126 என மாய எண்கள் அனைத்தும் கிடைக்கின்றன.

கூடத்தைச் சுற்றி வந்தவாறே தாமும் சுழலும் நடன இணைகளை எடுத்துக்காட்டி மேயர் இதனை விளக்குவதுண்டு. ஒரு பக்கமாகச் சுழல்வது எளிது, மறுபக்கமாகச் சுழல்வது கடினம் என்பதை நடனமாடியவர் அறிவர்.

அதே 1949 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சன், ஓட்டோ ஹாக்செல், ஹான்ஸ் சூஸ் ஆகியோரும் இதே முடிவைத் தனித்துக் கண்டறிந்தனர். இது பகையாக மாறவில்லை. மேயரும் யென்சனும் இணைந்து 1955 இல் இம்மாதிரி பற்றிய நூலை வெளியிட்டனர்.

நோபல் பரிசும் பிற்காலமும்

1960 இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முழுநேரப் பேராசிரியரானார். அங்குச் சென்ற சில காலத்திலேயே பக்கவாதம் தாக்கியது; எனினும் ஆய்வையும் கற்பித்தலையும் தொடர்ந்தார். 1963 நோபல் பரிசில் பாதி யூஜின் விக்னருக்கும், கால் பங்கு வீதம் மேயருக்கும் யென்சனுக்கும் வழங்கப்பட்டது. உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று அவரை இயற்பியலாளர் என்னாமல் சான் டியேகோவின் தாய் என்றே தலைப்பிட்டது. மேயர் 1972 இல் சான் டியேகோவில் காலமானார்.

கூடு மாதிரியும் அரிய அணுக்கருக்களும்

மேயர் பயன்படுத்திய தரவுகள் பெரும்பாலும் நிலைத்த அணுக்கருக்களைச் சார்ந்தவை. நியூட்ரான்கள் மிகுந்த, விரைவில் சிதையும் அணுக்கருக்களுக்கும் மாய எண்கள் பொருந்துமா என்பதைப் பிற்காலத்தில் மாற்று வினைகள் மூலம் சோதித்தனர். இவ்வகை வினை ஒன்றில், சிதையும் அணுக்கருக்களின் கற்றை டியூட்டிரியம் கொண்ட இலக்கின் மீது மோதவிடப்படுகிறது. டியூட்டிரியத்தின் நியூட்ரான் அந்த அணுக்கருவுக்கு மாறுகிறது. எஞ்சிய புரோட்டான் வெளியேறுகிறது. அதன் ஆற்றலையும் கோணத்தையும் அளந்தால், புதிய நியூட்ரான் எந்த மட்டத்தில் அமர்ந்தது என அறியலாம்.

ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் வெள்ளீயம்-132 (50 புரோட்டான், 82 நியூட்ரான்) கொண்டு செய்த இத்தகைய சோதனையின் முடிவு 2010 இல் வெளியானது. கூடுதலாகச் சேர்ந்த நியூட்ரான் ஏறத்தாழ மேயரின் மாதிரி கூறியவாறே தனி மட்டங்களில் அமர்ந்தது. மாறாக, 20 நியூட்ரான்கள் கொண்ட மக்னீசியம்-32 மூடிய கூட்டின் இயல்பைக் காட்டுவதில்லை. ஆக்சிஜன்-24 இலோ 16 புதிய மாய எண்ணாக நடந்துகொள்கிறது. மாய எண்கள் எங்கும் மாறாதவை அல்ல என்பது இதனால் தெளிவாயிற்று. ஆயினும் அவை எங்கே, ஏன் மாறுகின்றன என்ற ஆய்வும் மேயர் வகுத்த கூடுகளிலிருந்தே தொடங்குகிறது.

நினைவு

அமெரிக்க இயற்பியல் கழகம் 1986 முதல் இளம் பெண் இயற்பியலாளர்களுக்கு மேயர் பெயரில் விருது வழங்கி வருகிறது. 2011 இல் அமெரிக்கா அவரது அஞ்சல்தலையை வெளியிட்டது. இயற்பியலுக்கான நோபல் பரிசை மூன்றாவது பெண்ணாக டோனா ஸ்டிரிக்லண்ட் பெற்றது 2018 இல், அதாவது மேயருக்கு 55 ஆண்டுகள் கழித்தே ஆகும்.