பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்

சில நோய்கள் வந்த சுவடு தெரியாமல் நீங்கிவிடும். வேறு சிலவோ, காய்ச்சல் தணிந்து உயிர் பிழைத்த பின்னும், உடலில் தீராக் குறையொன்றை விட்டுச் செல்லும். இளம்பிள்ளை வாதம் அத்தகையது. வைரஸ் என்னும் நுண்கிருமி தண்டுவடத்தின் நரம்பணுக்களைத் தாக்குவதால் அது உண்டாகின்றது. அழிந்த அணுக்கள் மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலின் அவற்றால் இயங்கிய தசைகள் வலுவிழந்து மெலிகின்றன. இக்குறையோடு ஏறத்தாழ 24 ஆண்டுகள் வாழ்ந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பெற்றவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

இளமை

ரூஸ்வெல்ட் 1882ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து ஹைடு பார்க்கில் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். தாய் சாராவுக்கு அவர் ஒரே மகன். ஹார்வார்டில் பயின்று, வழக்கறிஞராகிப் பின் அரசியலிற் புகுந்தார். 1913 முதல் 1920 வரை கடற்படைத் துறையின் துணைச் செயலாளராகப் பணியாற்றினார். நீந்துவதிலும் படகு செலுத்துவதிலும் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு.

நோய்

1921ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கனடாவைச் சேர்ந்த காம்பொபெல்லோ தீவில் அவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் நீந்திக் களைத்து வந்தவரைக் குளிர் வாட்டியது; காய்ச்சல் கண்டது. இரண்டு மூன்று நாட்களில் அவரால் எழுந்து நிற்கவும் இயலவில்லை. நோய் இன்னதெனத் தெரியாமையால் கால்களைப் பிசைந்துவிட்டனர். அதனால் வேதனையே மிகுந்தது. இரண்டு வாரங்கள் கழித்தே அது இளம்பிள்ளை வாதம் எனப்பட்டது. வேறொரு நரம்பு நோயாகவும் இருக்கலாம் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதியதும் உண்டு. அப்போது அவருக்கு வயது 39.

மகன் பொதுவாழ்வைத் துறந்து வீட்டில் அமைதியாக வாழவேண்டும் என்று தாய் விரும்பினார். மனைவி எலினாரும் நண்பர் லூயி ஹோவும் அதற்கு உடன்படவில்லை. உழைப்பே அவரை வாழவைக்கும் என நம்பினர். ரூஸ்வெல்ட்டும் அவ்வழியையே மேற்கொண்டார்.

முயற்சி

கால்களில் எஃகுச் சட்டங்களைப் பூட்டிக்கொண்டு, கோல்களை ஊன்றி அடியெடுத்து வைக்கப் பழகினார். தீப்பற்றினால் தப்புதற்கெனத் தரையில் தவழவும் கற்றார். சாதாரண நாற்காலியொன்றில் சிறு சக்கரங்களைப் பொருத்தித் தம் வண்டியை அமைத்துக்கொண்டார். கைகளாலேயே இயக்கத்தக்க மோட்டார் வண்டியையும் ஓட்டினார்.

1924இல் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் வெந்நீர் ஊற்றை நாடினார். வெதுவெதுப்பான நீரில் உடலின் எடை குறைந்து, மெலிந்த கால்கள் சிறிது அசைந்தன. தாம் பெற்ற ஆறுதலைப் பிறரும் பெறல்வேண்டும் என எண்ணி, 1926இல் அவ்விடத்தை விலைக்கு வாங்கி, நோயால் முடங்கியோர்க்குரிய மருத்துவ நிலையமாக்கினார்.

1928இல் நியூயார்க் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுமாறு கட்சியினர் வேண்டினர். பயிற்சியைத் தொடர்ந்தால் நடக்கலாம் என்ற நம்பிக்கை ஒருபுறம். நாட்டின் அழைப்பு மறுபுறம். தயங்கிய பின் அழைப்பை ஏற்று வென்றார். கால்களோ இறுதிவரை வலுப்பெறவில்லை.

தலைமை

1933இல் அவர் நாட்டின் தலைவரானபோது தொழில்கள் முடங்கிக் கிடந்தன. வேலையின்றிப் பல இலட்சம் பேர் வாடினர். அவர்களுக்கு வேலையளிக்கத் திட்டங்கள் வகுத்தார். 1935இல் முதியோர்க்கு உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மகனின் தோளையோ உதவியாளர் கையையோ பற்றிக்கொண்டே அவர் மேடையேறுவார். 1936இல் பிலடெல்பியாவில் காற்சட்டத்தின் பூட்டு நழுவ, கூட்டத்தின் நடுவே விழுந்தார். தூக்கிவிடப்பெற்றதும் மேடைக்குச் சென்று உரையாற்றினார்.

தாம் சக்கர நாற்காலியில் இருப்பதைப் படம் பிடிப்பதை அவர் விரும்பியதில்லை. வலிமை குன்றியவரெனப் பிறர் எண்ணுவரோ என்னும் கவலை அவரை விட்டு நீங்கவில்லை. ஆயினும் 1945 மார்ச்சுத் திங்களில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவாறே பேசியபோது, காற்சட்டங்களின் பாரத்தைத் தாமே வெளிப்படையாகக் குறிப்பிட்டார். அடுத்த திங்கள் 12ஆம் நாள் வார்ம் ஸ்பிரிங்ஸில் உயிர் நீத்தார்.

அவர் 1938இல் நிறுவிய அறநிதிக்கு ஏழை எளியோரும் பத்துச் சென்ட் நாணயங்களை அனுப்பினர். அந்நிதியின் துணையால் ஜோனாஸ் சால்க் ஆராய்ந்து கண்ட தடுப்பூசி பயனுடையதென்ற செய்தி, 1955 ஏப்ரல் 12ஆம் நாள், ரூஸ்வெல்ட் மறைந்த பத்தாம் ஆண்டு நிறைவில், உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. தம் கால்களை மீட்க இயலாதவர், எண்ணற்ற குழந்தைகளின் கால்களைக் காக்கத் துணைநின்றார். இழந்ததை எண்ணி வாடாது, எஞ்சியதைக் கொண்டு பிறர்க்கு உழைப்பதே வாழ்வின் பயன் என்பதை அவர் வரலாறு உணர்த்துகின்றது.