காணாத கோளைக் கணித்தவர்

1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த யுரேனஸ், நியூட்டனின் ஈர்ப்பு விதி காட்டிய பாதையிலிருந்து சற்றே விலகிச் சென்றது. விதியில் குறையா, புலப்படாத பொருளொன்று அக்கோளை இழுக்கிறதா என வானியலார் மயங்கினர். அம்மயக்கத்தைத் தீர்த்தவர் உர்பேன் லெவெரியே.

1811இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்த அவர், வேதியியலில் தொடங்கி வானியலுக்கு வந்தவர். அவருடைய கருவி தொலைநோக்கி அன்று; கணக்கே. விதியை ஐயுறாமல், யுரேனசுக்கு அப்பால் ஒரு கோள் உண்டெனக் கொண்டு அதன் இருப்பிடத்தைக் கணித்தார்; பெர்லின் வானாய்வகத்தின் காலேவுக்கு மடல் விடுத்தார். 1846 செப்டம்பர் 23 அன்று மடல் சேர்ந்தது. அன்றிரவே, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் தென்பட்டது. இங்கிலாந்தின் ஆடம்சும் அக்கணக்கைத் தனியே செய்திருந்ததால், கண்டுபிடிப்பின் உரிமைக்கு இரு நாட்டாரும் பூசலிட்டது வேறு கதை.

1854இல் லெவெரியே பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநரானார். உடன் பணியாற்றியோர் அவரது கடுமையைப் பொறுக்கவில்லை; 1870இல் பதவி இழந்து, 1873இல் மீண்டும் பெற்றார்.

இதற்கிடையே புதன் அவரைச் சோதித்தது. அதன் நீள்வட்டப் பாதையில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள புள்ளி மெல்ல இடம்பெயர்கிறது. மற்றக் கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கணக்கிட்ட பின்னும், நூற்றாண்டுக்கு 38 விநாடிக் கோணம் எஞ்சுவதை 1859இல் அவர் அறிவித்தார். ஒரு பாகையில் 3600 விநாடிகள் உள்ளன எனில், அக்கணக்கின் நுட்பம் விளங்கும். முன்பு வென்ற வழியையே அவர் மீண்டும் நாடினார்: சூரியனுக்கும் புதனுக்கும் இடையே காணாத பொருள் இருத்தல் வேண்டும். சூரியனைக் கரும்புள்ளியொன்று கடந்ததாகச் சிற்றூர் மருத்துவர் லெஸ்கார்போ கூறவே, நேரில் சென்று வினவி நம்பினார். அக்கோளுக்கு வல்கன் எனப் பெயரும் இடப்பட்டது. தேடியவர்களுக்கு அது அகப்படவேயில்லை. நம்பிக்கை மாறாமலே, நெப்டியூன் தென்பட்ட அதே செப்டம்பர் 23இல், 1877ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கை, வல்கன் இன்றியே புதனின் இயக்கத்தை விளக்கியது. அங்கே திருத்தம் வேண்டியிருந்தது விதிக்கே.

விண்மீன் மண்டலங்களின் விளிம்பிலுள்ள விண்மீன்கள், புலப்படும் பொருளின் ஈர்ப்புக்கு மிஞ்சிய விரைவுடன் சுற்றுவதை இன்றைய வானியலார் காண்கின்றனர். பெரும்பாலோர் கரும்பொருள் உண்டென்பர். இஸ்ரேலின் மில்கிரோமோ, மிகச் சிறிய முடுக்கங்களில் நியூட்டனின் விதியே மாறுகிறது என 1983இல் முன்மொழிந்தார். அத்திருத்தம் சுருள் மண்டலங்களின் சுழற்சிக்கு நன்கு பொருந்துகிறது. மண்டலங்கள் கூடிய பெருங்கொத்துகளிலோ, அதன் பின்னும் கணக்கில் பொருள் குறைகிறது.