காசநோய் ஆய்வுக்கு வழிவகுத்த புள்ளியியலாளர்: ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்

மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள செல்லூரில் வீடுகள் ஒன்றையொன்று நெருங்கி அமைந்துள்ளன. ஒரே அறையில் பலர் உறங்கும் குடும்பங்களும் அங்கு உண்டு. இத்தகைய வீட்டில் ஒருவருக்குக் காசநோய் உறுதியானால், அவரை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை அளிக்கலாமா, குழந்தைகளுக்குத் தொற்றாதா என்ற அச்சம் எழுவது இயல்பு. இதற்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு விடை கண்டது. அந்த ஆய்வு பின்பற்றிய முறையை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர், தாமே காசநோயாளியாக இருந்த புள்ளியியலாளர் சர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்.

நோய் மாற்றிய வாழ்க்கை

ஹில் 1897ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை லியோனார்டு ஹில் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். மகனும் மருத்துவராக விரும்பினார். முதல் உலகப்போரில் விமானியாகப் பணியாற்றியபோது அவரைக் காசநோய் தாக்கியது. அந்நாளில் அதற்கு மருந்து இல்லை. பிழைப்பது அரிது எனக் கருதப்பட்ட நிலையில், நீண்ட காலம் படுக்கையில் கழித்தார். மருத்துவக் கல்வி கைகூடவில்லை. நோயிலிருந்து மீண்டு வந்த காலத்தில் அஞ்சல்வழியாகப் பொருளியல் பயின்று, 1922இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பின்னர் புள்ளியியல் கற்று மருத்துவ ஆய்வுக்குள் நுழைந்தார்.

மருத்துவர்களுக்கு ஆசிரியர்

புள்ளியியலை மருத்துவர்கள் கடினமானதெனக் கருதி விலக்கிய காலம் அது. 1937இல் ஹில் ஒரு மருத்துவ இதழில் எளிய நடையில் தொடர்கட்டுரைகள் எழுதினார். அவை நூலாக வெளிவந்து பல பதிப்புகள் கண்டன. 1945 முதல் 1961 வரை இலண்டன் பொதுச் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருத்துவப் புள்ளியியல் பேராசிரியராக விளங்கினார்.

உயிர் காத்த ஒப்பீடு

ஒரு மருந்தை உட்கொண்டவர் குணமடைந்தார் என்பது மட்டும் அம்மருந்தின் பயனை மெய்ப்பிக்காது. அவர் மருந்தின்றியும் குணமடைந்திருக்கக்கூடும். நல்ல உடல்நிலை உள்ளவர்களையே மருத்துவர் மருந்துக்குத் தெரிவு செய்திருக்கவும் கூடும். எனவே, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மனிதர் விருப்பத்திற்கு விடாமல், குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் முடிவு செய்ய வேண்டும் என ஹில் வலியுறுத்தினார். ஒதுக்கீட்டு விவரம் மூடி முத்திரையிட்ட உறைகளில் வைக்கப்பட்டது.

பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து மிகக் குறைவாகவே கிடைத்த காலத்தில், 107 காசநோயாளிகளிடம் இம்முறை கையாளப்பட்டது. முடிவுகள் 1948இல் வெளியாயின. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். மருந்தின் பயன் தெளிவாயிற்று. எனினும், ஒரே மருந்தைத் தொடர்ந்து அளித்தபோது கிருமிகள் அதற்கு எதிர்ப்புத்திறன் பெறுவதும் தெரியவந்தது. இன்றும் காசநோய்க்குப் பல மருந்துகள் ஒருசேர வழங்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

சென்னையில் கிடைத்த விடை

இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவமனைப் படுக்கைகள் இல்லை. ஆகவே 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அங்கு 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் காசநோய் மருத்துவமனையில் தங்கினர். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டனர்.

ஓராண்டுக்குப்பின் மருத்துவமனைப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. சத்துணவும் ஓய்வும் குறைவாக இருந்தபோதிலும் வீட்டுப் பிரிவினர் பெரிதும் பின்தங்கவில்லை. அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. சிகிச்சை தொடங்குமுன் ஏற்படும் தொற்றே பெரிய ஆபத்து என்பது புலனாயிற்று. 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறைக்கு வழிவகுத்தது.

புகையிலை பற்றிய எச்சரிக்கை

புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஹில், ரிச்சர்டு டால் என்ற மருத்துவருடன் இணைந்து 1950இல் எடுத்துக்காட்டினார். பின்னாளில் தமிழ்நாட்டில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான பெரிய ஆய்வு, புகைபிடிக்கும் ஆண்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டறிந்தது.

இளமையில் நோயால் முடங்கிய ஹில், 93 வயது வரை வாழ்ந்து 1991இல் மறைந்தார்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

• மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கான சிகிச்சைக்காலம் பொதுவாக ஆறு மாதங்கள். உடல்நிலை தேறினாலும் மருத்துவர் சொல்லும் வரை எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது.
• அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும்.
• நோயாளி இருமும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் காற்றோட்டம் இருக்க வேண்டும்.
• உடன் வாழும் அனைவரும், குறிப்பாகக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
• பீடி, சிகரெட்டை முற்றிலும் கைவிட வேண்டும்.
• நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. அவர் நாள்தோறும் மருந்து உட்கொள்வதை உறுதிசெய்வதே குடும்பத்தினர் அளிக்கும் சிறந்த பாதுகாப்பு.