கொல்லிமலையில் பிறந்த கை டாக்டர்!

விருத்தாசலம் என்றால் பீங்கான். அதை அடுத்த நல்லூர் வட்டாரத்தில் மண் சுமந்து, மண் பிசைந்து பிழைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. மண் நிறைந்த வாளியைத் தூக்கும்போது முழு பாரமும் கையைக் கீழே இழுக்கிறது. அப்படியும் முழங்கை கழன்று விடுவதில்லையே, ஏன்?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடது கையால் சுற்றிப் பிடியுங்கள். இப்போது வலது கையை இறுக மூடுங்கள். உள்ளே ஏதோ கல்லைப்போல் இறுகுகிறது அல்லவா? மடங்கியது விரல். இறுகியதோ முழங்கை ஓரம்!

காரணம் இதுதான். மேற்கை எலும்பின் அடியில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு முண்டுகள் இருக்கின்றன. விரலையும் மணிக்கட்டையும் அசைக்கும் தசைகளில் பல, அந்த முண்டுகளில்தான் தொடங்குகின்றன. அங்கிருந்து மூட்டைத் தாண்டிக் கீழே ஓடுகின்றன. நாம் எதையாவது பற்றினால் அவை சுருங்கி, முன்கை எலும்புகளை மேற்கை எலும்போடு சேர்த்து அழுத்துகின்றன. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் எப்போதும் இருக்கின்றன. பாரம் ஏறும்போது, பந்தல் காலுக்கு இருபுறமும் கயிறு கட்டியதுபோல இந்தத் தசைகளும் துணைக்கு வருகின்றன. பந்து எறிகிறவனின் முழங்கை உள்பக்கமாகப் பிளந்து விடாமல் இருக்க, உள்பக்கத் தசைகளும் உதவுகின்றன.

இந்த முன்கைத் தசைகளின் பலத்தைக் கொண்டே, வாழ்வு இழந்த ஏழைகளுக்குக் கை கொடுத்தார் ஒருவர். அவர்தான் டாக்டர் பால் பிராண்டு.

தச்சு வேலை செய்த டாக்டர்

1914-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, கொல்லிமலையில் பிறந்தார் பிராண்டு. தாய் தந்தையர் ஆங்கிலேயப் பாதிரிகள். மலை மக்களுக்கு மருந்து கொடுப்பார்கள். வீடும் கட்டித் தருவார்கள். பையன் மரத்துக்கு மரம் தாவி வளர்ந்தான். ஒன்பதாவது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தந்தையை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. 1929-ல் மலைக் காய்ச்சல் அவரைக் கொண்டு போய்விட்டது.

தந்தையைப்போல மலையில் வீடு கட்ட வேண்டும் என்பது மகனின் ஆசை. ஆகவே முதலில் கற்றது வைத்தியம் அல்ல, கொத்து வேலையும் தச்சு வேலையும்! பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்தார். அந்த உளி பிடித்த நாட்கள் வீண் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மூட்டையும் தசையையும் அவர் ஒரு தச்சனின் கண்ணோடுதான் பார்த்தார்.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

இரும்புப் பிடி!

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். குஷ்டம் என்று சொல்லி ஊரே ஒதுக்கிய காலம் அது. நோயாளிகளின் விரல்கள் நகம் போல் வளைந்து கிடந்தன. அந்தக் கைகளில் பலமே இருக்காது என்றுதான் பிராண்டு நினைத்தார். ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.

அடுத்த கணம் வலியால் துடித்தார். அது இரும்புப் பிடி!

வளைந்த கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? முன்கையிலிருந்து. முழங்கையின் உள் முண்டுக்குப் பின்னால் ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அங்கே இடித்துக் கொண்டால் மின்சாரம் தாக்கியதுபோல் சுரீர் என்கிறதே, அதேதான். தொழுநோய்க் கிருமிகளுக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். முழங்கைக்குச் சற்று மேலே அந்த நரம்பை வீங்க வைத்துக் கெடுத்து விடுகின்றன. அதனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செத்துப் போகின்றன. முன்கைத் தசைகளில் பெரும்பாலானவையோ உயிரோடு இருக்கின்றன.

உயிருள்ள தசையை ஏன் மாற்றி வேலை வாங்கக் கூடாது? மணிக்கட்டை நிமிர்த்த மூன்று தசைகள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் மற்ற இரண்டும் சமாளிக்கும். அந்த ஒன்றின் கீழ் நுனியை அறுத்தார் பிராண்டு. கெண்டைக்காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணை அதில் ஒட்டிக் கட்டி, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டு போனார். மேல் நுனியை மட்டும் தொடவில்லை. அது முழங்கையில் பழையபடியே பற்றிக் கொண்டிருந்தது.

வளைந்த விரல்கள் நிமிர்ந்தன. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு போக முடிந்தது.

ஒரு புதுத் தொல்லை

ஆனால் கை சரியானவர்கள் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். நல்ல கையைக் கண்டு யாரும் பிச்சை போடவில்லை. நோயாளி என்று யாரும் வேலையும் கொடுக்கவில்லை! ஆபரேஷன் மட்டும் போதாது என்பது டாக்டருக்குப் புரிந்தது. வேலூரில் நவ ஜீவ நிலையம் தொடங்கினார். தாம் கற்ற தச்சு வேலையை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

அங்கேதான் இன்னொன்றையும் கண்டார். தொழுநோய் விரலைத் தின்பதில்லை. உணர்ச்சி மரத்துப்போன கை, சூட்டையும் வெட்டுக் காயத்தையும் அறியாமல் தன்னையே அழித்துக் கொள்கிறது.

அவருக்கே ஒரு நாள் அந்தப் பயம் வந்தது. லண்டனில் ரயிலை விட்டு இறங்கியபின் குதிகால் மரத்திருந்தது. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை! நோய் தொற்றி விட்டதென்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். உயிர் போகிற மாதிரி வலித்தது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1966-ல் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். தாயார் மட்டும் மலையை விட்டு வரவில்லை. 1974-ல் இறந்த அந்த மூதாட்டியைக் கொல்லிமலையில் கணவரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

2003-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிராண்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 88.