கார்ல் மார்க்ஸ் (1818 - 1883)

மாணவர்களே, கைத்தொழிற் புரட்சியைக் கற்கும்போது கார்ல் மார்க்ஸ் என்னும் பெயரை நீங்கள் சந்திப்பீர்கள். இவர் 1818 மே 5 இல், அன்று பிரசியாவுக்கு உட்பட்டிருந்த டிரியர் நகரில் பிறந்தார். 1849 முதல் இலண்டனில் வறுமையின் மத்தியிலும் ஆய்வுகளில் ஈடுபட்டார். அதன் பயனாக 'மூலதனம்' நூலின் முதற்பாகம் 1867 இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது.

இதனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் ஜோசப் றோய் ஆவார். அம்மொழிபெயர்ப்பு 1872 - 1875 காலப்பகுதியில் பரிசில் சிறு சிறு பகுதிகளாக வெளியிடப்பட்டது. தொழிலாளரும் வாங்கி வாசிக்க முடியும் என்பதால் மார்க்ஸ் இம்முறையை வரவேற்றார். எனினும் மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் அமைந்திருந்தமை அவருக்கு நிறைவளிக்கவில்லை. நோயுற்றிருந்த வேளையிலும் பல பகுதிகளைத் தாமே திருத்தி எழுதினார். புதிய விளக்கங்களையும் சேர்த்தார். ஜேர்மன் நூலைப் படித்தவர்களும் இதனைப் படிப்பது பயனுடையது எனக் கருதினார்.

1883 மார்ச் 14 இல் அவர் மறைந்தபோது அடுத்த பாகங்கள் முற்றுப்பெற்றிருக்கவில்லை. நண்பர் ஏங்கெல்ஸ் அவற்றை 1885 இலும் 1894 இலும் வெளியிட்டார். எனவே மார்க்ஸ் தாமே செம்மைப்படுத்தி வெளியிட்ட இறுதிப் பதிப்பு பிரெஞ்சுப் பதிப்பாகும். விடை எழுதும்போது அதனை வெறும் மொழிபெயர்ப்பு எனக் குறிப்பிடாதீர்கள்.